மூன்று ஏக்கரும் ஒரு எக்செல் தாளும்: சிறு விவசாயியின் முடிவுகளை மாதிரியாக்குவது எப்படி?

காவிரி டெல்டாவின் கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு பகுதியில் மிஷின் நடவு போடுகிறார், மீதியில் நேரடி விதைப்பு. ஏக்கருக்கு மிஷின் நடவில்தான் லாபம் கூடுதல் என்பது அவருக்கும் தெரியும். அப்படியானால் மூன்று ஏக்கரிலும் ஏன் அதையே செய்யவில்லை? 'விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், இப்படி விளங்காத ஒரு முடிவைப் பார்க்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கணக்கைத்தான். அவர் மனத்தில் இருக்கிற ஏதோ ஒரு தடை நம் தாளில் ஏறவில்லை.

அந்தத் தடையைத் தாளில் ஏற்றிப் பார்ப்பதற்கான கருவிதான் பண்ணை மாதிரி. இதில் மிகப் பழையதும் இன்றும் ஓடுவதும் நேரியல் திட்டமிடல்: இருக்கிற தடைகளுக்குள் எந்தக் கலவை அதிக லாபம் தரும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. அதைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் கண்டுபிடித்தார். 1950களிலேயே அது பண்ணைக் கணக்குக்கு வந்துவிட்டது. கூட்டல், பெருக்கல், எக்செல் மூன்றும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். வேளாண் பொருளியல் படிக்கும் மாணவர்கள், களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தார், விவசாயம் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'சிறு விவசாயிகளின் நிலப் பயன்பாடு' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'மேட்டூர் திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் கடைமடையில் எவ்வளவு நிலம் நடவிலிருந்து நேரடி விதைப்புக்குப் போகும்?' என்பது கேள்வி. 'நடவு மிஷின் வாடகையில் பாதியை அரசு ஏற்றால் யார் மாறுவார்கள், யார் மாற மாட்டார்கள்?' என்பதும் கேள்வி. கேள்வியில் ஒரு தெரிவும், அந்தத் தெரிவை அசைக்கக்கூடிய ஒரு காரணியும் இருக்க வேண்டும். அது அமையாமல் தரவு சேகரிக்கப் போனால் நாற்பது பக்கக் கேள்வித்தாளுடன் திரும்பி வருவீர்கள், ஒன்றும் பயன்படாது.

பண்ணையை ஒரு பக்கத்தில் வரையுங்கள்

நிலம், பருவம், தண்ணீர், ஆள், பணம் ஆகிய ஐந்தையும் பதிவு செய்யுங்கள்.

நிலத்தில் அளவு முக்கியம். தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் மா, குழிதான் பேச்சு. 100 குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. விவசாயி 'மாவுக்கு' என்று சொன்ன செலவை ஏக்கருக்கு என்று எழுதிக்கொண்டால் மூன்று மடங்கு தப்பு. சொந்த நிலமா, குத்தகையா, வாரமா (விளைச்சலில் பங்கு) என்பதையும் கேளுங்கள். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அடங்கல், அதாவது யார் எந்த நிலத்தில் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு, கிடைப்பது கஷ்டம். அடங்கல் இல்லையென்றால் கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் கொள்முதல் நிலையமும் சிக்கலாகிவிடும். அதனால் இவருக்கும் சொந்தக்காரருக்கும் ஒரே பண்ணை மாதிரி பொருந்தாது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். ஒரு ஹெக்டேருக்குக் கீழே இருப்பவர் குறு விவசாயி, ஒன்றிலிருந்து இரண்டு வரை சிறு விவசாயி. நம் எடுத்துக்காட்டின் மூன்று ஏக்கர்க்காரர் சராசரிக்கு மேலேதான் இருக்கிறார்.

பருவத்தை மாதவாரியாக எழுதுங்கள். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் ஜூனில் குறுவை, அதன்பின் தாளடி. தாமதமானால் ஆகஸ்டில் தொடங்கி ஒரே சம்பா. நெல்லுக்குப் பின் ஈரத்தில் உளுந்து. ஒரு பயிர் எந்த மாதத்தில் நிலத்தை விடுகிறது என்பது அடுத்த பயிரைத் தீர்மானிப்பதால், 'வருடத்துக்கு மூன்று ஏக்கர்' என்ற ஒற்றை வரி போதாது. மாதத்துக்கு ஒரு வரி வேண்டும். ஆளும் அப்படியே. வருடத்துக்கு இருவர் 500 நாள் உழைக்கலாம் என்று எழுதினால் ஆள் பற்றாக்குறையே தெரியாது. நடவு நடக்கும் இரண்டு மூன்று வாரங்களில்தான் அது கழுத்தைப் பிடிக்கும்.

தண்ணீரில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். ஆகவே போர்வெல் உள்ளவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்ட ரூபாய்ச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அவரைத் தடுப்பது மும்முனை மின்சாரம் வரும் நேரம். வாய்க்கால் பாசனக்காரரைத் தடுப்பது முறை, அதாவது அவருக்குத் தண்ணீர் விடும் நாள். இரண்டையுமே விலையாக எழுதாமல் மணிக்கணக்காக, நாள்கணக்காக எழுதுங்கள்.

தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் ஒரு நெடுவரிசை

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. 'சம்பா நெல்' என்று ஒரு நெடுவரிசை போட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள். விடை எளிது. சம்பா கைநடவு ஒன்று, சம்பா மிஷின் நடவு ஒன்று, சம்பா நேரடி விதைப்பு ஒன்று. ஒவ்வொன்றும் தனிப் பயிர் மாதிரிதான். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஏக்கருக்கு என்னென்ன வேண்டும், என்ன கிடைக்கும் என்று எழுதிக்கொண்டே போங்கள்.

இங்கே பயிர் அறிவு இல்லாமல் பொருளியல் மட்டும் வைத்து ஓட்ட முடியாது. மிஷின் நடவுக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், நாற்று இளசாக இருக்க வேண்டும், வயல் சமமாக இருக்க வேண்டும், முக்கியமாகக் குறித்த நாளில் தண்ணீர் வேண்டும். நேரடி விதைப்பில் நாற்றங்கால் செலவும் நடவுச் செலவும் மிச்சம், பயிரும் ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே அறுவடைக்கு வரும். ஆனால் களை இரட்டிப்பாகத் தொல்லை தரும்.

திருந்திய நெல் சாகுபடி இதற்கு நல்ல பாடம். மடகாஸ்கரில் உருவாகி, 2000களில் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரப்பப்பட்ட முறை இது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, கோனோவீடர் என்ற களைக் கருவி, காயவிட்டுப் பாய்ச்சுவது என்று ஒரு தொகுப்பாக வந்தது. நிறையப் பேர் அதில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்காலின் முறைத் தண்ணீரில் 'காயவிட்டுப் பாய்ச்சுவது' விவசாயியின் கையில் இல்லை. காயவிட்டபின் அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே தொகுப்பை ஒரே நெடுவரிசையாகப் போடாதீர்கள். பாதித் தொகுப்புக்கும் ஒரு நெடுவரிசை கொடுங்கள்.

எண்களை எப்படிக் கேட்பது? 'ஏக்கருக்கு என்ன செலவு?' என்று கேட்டால் ஊரில் எல்லோரும் சொல்கிற ஒரு உருண்டைத் தொகைதான் வரும். போன சம்பாவை எடுத்துக்கொண்டு முதல் உழவிலிருந்து வேலை வேலையாகப் போங்கள். நடவு காண்ட்ராக்டா, ஆள் கூலியா? இப்போது டெல்டாவில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் ஏக்கர் கணக்கில் நடுகின்றன, அதற்குக் 'கூலி × ஆள்' என்ற கணக்கே பொருந்தாது. அறுவடை வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது, வாடகை கூடுதலான பெல்ட் வண்டி வேண்டும். மழை ஆண்டில் அறுவடைச் செலவு எகிறுவது இதனால்தான்.

விற்பனையும் தெரிவுதான். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்து அரசு கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். வியாபாரி குறைத்துத் தருவார், களத்திலேயே எடுத்துக்கொள்வார். இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாகப் போடுங்கள்.

குடும்ப உழைப்பை என்ன செய்வது?

மத்திய வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் செலவை மூன்று விதமாகப் போடுகிறது. கையிலிருந்து போன செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது இன்னொன்று. சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலீட்டின் வட்டி எல்லாம் சேர்த்தது சி2. குறைந்தபட்ச ஆதரவு விலை பேசப்படும்போது இந்தப் பிரிவுகள் அவசியம். நம் மாதிரியில் குடும்ப உழைப்புக்குக் கூலி போட்டுக் கழிக்க வேண்டாம். அதை ஒரு தடையாக எழுதிவிட்டு, 'வெளிவேலைக்குப் போவது' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். நூறு நாள் வேலையோ கட்டட வேலையோ கிடைக்கும் மாதங்களில் மட்டும் அதற்கு மதிப்பு இருக்கும். வேலையே இல்லாத மாதத்தில் தன் வயலில் களை எடுப்பவரின் உழைப்புக்குச் சந்தைக் கூலி போடுவது தப்புக்கணக்கு. ரஷ்யப் பொருளியலாளர் சாயனோவ் 1920களிலேயே இதை வலியுறுத்தினார்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம்

கீழே உள்ள எண்கள் கற்பதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நிலம் 3 ஏக்கர். அறுவடை வரை செலவழிக்கக் கையிருப்பும் கூட்டுறவுக் கடனும் சேர்த்து 66,000 ரூபாய்.

| ஏக்கருக்கு | கைநடவு | மிஷின் நடவு | நேரடி விதைப்பு |
|---|---|---|---|
| அறுவடைக்கு முன் தேவைப்படும் பணம் | 25,000 | 28,000 | 19,000 |
| எல்லாச் செலவும் போக மிச்சம் | 22,800 | 24,600 | 21,600 |

எக்செலில் மூன்று காலிக் கட்டங்களை ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் எத்தனை ஏக்கர் என்பதை அங்கே சால்வர் (சிறந்த விடையைத் தேடித் தரும் எக்செல் வசதி) நிரப்பும். இன்னொரு கட்டத்தில் மொத்த மிச்சத்துக்கான சூத்திரம், அது இலக்கு. அடுத்து இரண்டு தடைகள்: மூன்று பரப்புகளின் கூட்டல் 3-ஐத் தாண்டக் கூடாது, பணத்தேவையின் கூட்டல் 66,000-ஐத் தாண்டக் கூடாது. சால்வரில் 'சிம்ப்ளெக்ஸ் எல்பி' முறையைத் தேர்ந்தெடுத்து, பரப்பு எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி டிக் செய்து ஓட்டுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் சால்வர் இருக்கிறது. கணக்கு பெரிதான பின் பைத்தான், ஆர், கேம்ஸ் (GAMS) போன்ற மென்பொருள்களுக்குப் போகலாம், இப்போது அவசரமில்லை.

விடை: மிஷின் நடவு 1 ஏக்கர், நேரடி விதைப்பு 2 ஏக்கர், மிச்சம் 67,800. லாபம் அதிகமான முறை மிஷின் நடவுதான், ஆனாலும் மூன்று ஏக்கருக்கும் அதைப் போட 84,000 ரூபாய் வேண்டும், அவரிடம் அது இல்லை. விழிப்புணர்வு முகாம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது பணத்தை 67,000 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். மிச்சம் 333 ரூபாய் கூடும். அதாவது கூடுதலான ஒவ்வொரு ரூபாயும் 33 பைசா சம்பாதிக்கிறது. இதுதான் நிழல் விலை. மாதிரியிலிருந்து கிடைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது. ஐந்து மாதத்துக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய். சம்பாதிப்பது முப்பத்து மூன்று. வாங்கலாம் என்கிறது மாதிரி. நிலத்துக்கும் இப்படி ஒரு நிழல் விலை உண்டு, இங்கே அது ஏக்கருக்குச் சுமார் 15,270 ரூபாய். இந்தச் சம்பாவுக்கு அவர் தரக்கூடிய அதிகபட்சக் குத்தகை அவ்வளவுதான். ஊரில் நடப்புக் குத்தகை இதைவிட வெகுவாகக் கூடவோ குறையவோ இருந்தால், உங்கள் எண்களில் எங்கோ கோளாறு.

உளுந்தை மறந்துவிட்டோம்

நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளரும். அறுவடை வண்டியின் சக்கரம் முளைத்த செடியை நசுக்கும் என்பதால் விதைக்கும் நாளை அதற்கேற்ப மாற்றுவார்கள். நேரடி விதைப்பு முன்னதாக முற்றுவதால் அதன்பின் வரும் உளுந்துக்கு ஈரம் கூடுதல். அதன்பின் வரும் உளுந்தில் 8,000 ரூபாயும், நடவு வயலில் வரும் உளுந்தில் 6,500 ரூபாயும் மிஞ்சுவதாக வைப்போம். உளுந்துக்கு ஆகும் சின்ன முன்செலவை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

இப்போது மிஷின் நடவு 31,100, நேரடி விதைப்பு 29,600, கைநடவு 29,300. விடையில் பரப்பு மாறவில்லை, அதே ஒன்றும் இரண்டும்தான். மாறியது பணத்தின் நிழல் விலை. 33 பைசா 17 பைசாவுக்கும் கீழே வந்துவிட்டது. மூன்று வட்டிக்கு வாங்கினால் தப்பித்தோம் பிழைத்தோம். நான்கு வட்டி என்றால் நஷ்டம். உளுந்தைச் சேர்க்காத மாதிரி 'கடன் கொடுங்கள், மாறிவிடுவார்' என்று உறுதியாகச் சொன்னது. சேர்த்தபின் அந்த உறுதி போய்விட்டது. நடவு முறையை நெல்லுக்குள்ளேயே வைத்து எடைபோடும் ஆய்வுகள் இங்கேதான் சறுக்குகின்றன.

வைக்கோலும் இப்படித்தான். மாடு உள்ள வீட்டில் அது பணம். அறுவடை வண்டி அதை நறுக்கிப் போடுகிறது, பிறகு கட்டு கட்டும் இயந்திரத்துக்குத் தனியாகச் செலவு. மாறாக, ஆப்பிரிக்கப் பண்ணைகளுக்கு எழுதிய மாதிரிகளில் தவறாமல் வரும் 'வீட்டுச் சாப்பாட்டுக்குத் தானியம்' என்ற தடை, ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் அவ்வளவு இறுக்காது. வேறு நாட்டு மாதிரியை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள்.

கெட்ட வருடம்

இதுவரை எல்லா வருடமும் ஒரே மாதிரி என்று வைத்தோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. நடந்ததைப் பாருங்கள். 2017-இல் அக்டோபர் 2, 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டிலும் சரியாக ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே. 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை வாடியது. 2024-இல் ஜூலை 28, 2025-இல் மறுபடி ஜூன் 12. இதோடு வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2018 நவம்பரில் கஜா, 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்த பெருமழை.

ஆகவே குறைந்தது மூன்று வகை வருடம் வேண்டும்: சாதாரணம், தண்ணீர் தாமதம், பெருமழை. ஒவ்வொரு முறைக்கும் மூன்று வருடத்திலும் என்ன மிஞ்சும் என்று விவசாயிகளிடமே கேளுங்கள். தண்ணீர் தாமதமானால் நாற்று முற்றிப்போகும், நடவு பிந்தும், பிந்திய நடவு நவம்பர் மழையில் மூழ்கும். புழுதியில் நேரடியாக விதைத்தவர் கோடை மழையையும் ஆகஸ்ட் மழையையும் பிடித்துக்கொண்டு பயிரை நிமிர்த்திவிடுவார். ஆனால் விதைத்த வாரமே கொட்டித் தீர்த்தால் அவருக்கு விதை அழுகும்.

நம் கணக்கில் தண்ணீர் தாமதமான வருடத்தை மட்டும் சேர்ப்போம். அப்போது ஏக்கருக்கு நடவு வயலில் 4,000, நேரடி விதைப்பில் 12,000 மிஞ்சும். வீட்டுச் செலவுக்கும் பழைய கடனுக்கும் எப்படியும் 30,000 வந்தாக வேண்டும். இது மூன்றாவது தடை. ஓட்டிப் பாருங்கள். மிஷின் நடவு முக்கால் ஏக்கராகச் சுருங்கும், நேரடி விதைப்பு இரண்டேகால். சாதாரண வருட மிச்சம் 90,300-இலிருந்து 89,925 ஆகும். வெறும் 375 ரூபாய் இழப்பில் கெட்ட வருடத்தைக் கடந்துவிடுகிறார்.

பணத் தடையை இப்போது பாருங்கள். 63,750 ரூபாய்தான் செலவாகிறது, மீதிப் பணம் சும்மா கிடக்கிறது. அதன் நிழல் விலை பூஜ்யம். வட்டியில்லாமல் கடன் கொடுத்தாலும் இந்த வீட்டில் கூடுதலாக ஒரு சென்ட்கூட மிஷின் நடவுக்குப் போகாது. தண்ணீர் வரும் தேதி உறுதியானால், அல்லது காப்பீட்டுப் பணம் சீக்கிரம் கைக்கு வந்தால், போகும். ஒரே குடும்பம், ஒரே நிலம். எந்தத் தடையை எழுதினோம் என்பதை வைத்துக் கொள்கைப் பரிந்துரை தலைகீழாகிறது.

அபாயத்தை இன்னும் நுணுக்கமாகச் சேர்க்க, பீட்டர் ஹேசல் 1971-இல் தந்த மோட்டாட் முறை இருக்கிறது. வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை நேரியல் கணக்குக்குள்ளேயே அடக்கும் முறை. தொடக்கத்துக்கு மேலே சொன்ன 'குறைந்தபட்ச வருமானம்' என்ற ஒற்றை வரியே போதும், விவசாயிக்கும் அது உடனே புரியும்.

மாதிரி சொல்வதும் வயலில் இருப்பதும்

மாதிரியை நம்புவதற்கு முன், போன வருடத்துத் தண்ணீர், விலை, கூலியைப் போட்டு ஓட்டி, அவர் உண்மையில் செய்ததோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு வழி. ராபர்ட் ஹோவிட் 1995-இல் வெளியிட்ட நேர்மறைக் கணிதத் திட்டமிடல் முறையில், நடப்புப் பரப்பு அப்படியே வரும்படி செலவுச் சார்பைத் திருத்திவிடலாம். மாவட்ட அளவில் நல்ல தரவு இருந்து, விலை மாறினால் என்னாகும் என்று மட்டும் பார்க்க அது கைகொடுக்கும். ஆனால் காரணம் தெரியாத வித்தியாசத்தை எல்லாம் ஒரு குணகத்தில் போட்டு மூடிவிடும் அபாயம் அதில் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டாவது வழியையே பிடியுங்கள். விடைத்தாளை விவசாயியிடமே காட்டி, 'இப்படிச் செய்திருந்தால் கூடுதலாக வந்திருக்குமே, ஏன் செய்யவில்லை?' என்று கேளுங்கள். முக்கால் ஏக்கர் என்பது இரண்டேகால் மா. 'அதுக்கு எவன் சார் மிஷினை ஏத்திக்கிட்டு வருவான்? பக்கத்து வயல்காரனும் போட்டாத்தான் வரும்' என்பது மாதிரி ஒரு பதில் வரும். வந்தால், 'மிஷின் நடவு அறவே பூஜ்யம், இல்லாவிட்டால் குறைந்தது இத்தனை மா' என்று முழு எண் தடை ஒன்றைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள்.

ஒரு வீட்டின் விடையை எடுத்து மாவட்டத்தின் வீடுகளால் பெருக்கிவிடாதீர்கள். தலைமடை, கடைமடை, போர்வெல் உள்ளவர், இல்லாதவர், சொந்தம், குத்தகை என்று சேர்த்துப் பார்த்தால் எட்டு வகை. சில வகைகளில் ஆளே இருக்க மாட்டார்கள், ஐந்தாறு மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி, ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம் என்ற எடை. எல்லோரும் ஒரே வாரத்தில் மிஷின் கேட்டால் வாடகை ஏறும் என்பதற்கு, எல்லா வகைகளுக்கும் பொதுவாக 'இந்த வட்டாரத்தில் மொத்தம் இத்தனை மிஷின் நாள்' என்று ஒரு தடை எழுதுங்கள். உங்கள் கேள்வி மானியத்தைப் பற்றியது என்றால், மானியத்தில் எவ்வளவு விவசாயிக்குப் போகிறது, எவ்வளவு மிஷின் உரிமையாளரின் வாடகை உயர்வில் கரைகிறது என்பது அந்தத் தடையின் நிழல் விலையில் தெரியும்.